முடித்தவரெல்லாம் வென்றவரே: நெடுந்தொலைவுக் குதிரைப் பயணத்தில் போட்டியும் தோழமையும்

முன்னுரை

போட்டி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே ஒருவர் வெல்ல ஏனையோர் தோற்கும் காட்சி நம் உள்ளத்தில் எழுகின்றது. தோழமை என்றவுடன் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தோள்கொடுக்கும் காட்சி எழுகின்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையானவை என்றே பலரும் கருதுகின்றனர். முந்த விழைபவன் பின்தங்கியவனுக்காக நிற்பானா? நிற்பவன் முந்த முடியுமா? தேர்வு, வணிகம், விளையாட்டு ஆகிய எல்லாவற்றிலும் இவ்வினா நம்மைத் தொடர்ந்து வருகின்றது.

இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு நெடுந்தொலைவுக் குதிரைப் பயணப் போட்டி சிறந்ததொரு பாடமாக அமைகின்றது. ஒரே நாளில் நூறு மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவை, ஒரே குதிரையின்மேல் அமர்ந்து கடப்பதே இப்போட்டியின் உயர்ந்த படிநிலையாகும். இதன் தோற்றத்தையும் விதிகளையும், இதில் தோழமை வளர்ந்த வகையையும், அது குலைந்த இடங்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குதிரையை மறந்த பந்தயம்

முதலில் ஒரு துயர நிகழ்வை நினைவுகூர்தல் வேண்டும். 1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் செருமானியப் படை அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் குதிரைமேல் விரைந்தனர். தொலைவு ஏறத்தாழ 580 கிலோமீட்டர். எந்த நாட்டுக் குதிரைப்படை உயர்ந்தது என்று காட்டுவதே நோக்கமாயிருந்தது. வென்றவர் மூன்று நாள்களுக்குள் வந்து சேர்ந்தார். ஆயினும் வழியிலும், வந்து சேர்ந்த பின்னரும் குதிரைகள் பல மாண்டன. முன்னணியில் வந்தோரின் குதிரைகளும் அவற்றுள் அடங்கும். வெற்றி மனிதனுக்கு, விலை குதிரைக்கு என்றாயிற்று. கடிகாரம் ஒன்றையே நடுவராக வைத்தால் என்ன நேரும் என்பதை உலகம் அன்று கண்டது.

பின்னர் 1919-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் சில ஆண்டுகள் நடைபெற்ற படைக்குதிரைச் சோதனைகள் வேறொரு வழியைக் காட்டின. ஐந்து நாள்களில் முந்நூறு மைல் செல்ல வேண்டிய அச்சோதனைகளில் விரைவுக்கு மட்டுமன்றி, குதிரையின் உடல்நிலைக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டது. இன்றைய போட்டிமுறையின் விதை இங்கு ஊன்றப்பட்டது எனலாம்.

டெவிஸ் கிண்ணம்

இன்று நாம் காணும் நெடுந்தொலைவுக் குதிரைப் பயணத்திற்கு உருவம் தந்தவர் கலிபோர்னியாவின் ஆபர்ன் நகரைச் சார்ந்த வெண்டல் ரோபி என்பார். தாகோ ஏரிப் பகுதியிலிருந்து சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து ஆபர்ன் வரை நூறு மைல் தொலைவை ஒரே நாளில் ஒரு குதிரை கடக்க முடியுமா என்ற ஐயம் எழுந்தபோது, 1955-ஆம் ஆண்டில் தம் நண்பர் சிலருடன் அவர் புறப்பட்டு அதனைச் செய்து காட்டினார். அன்று தொடங்கிய பயணம் ஆண்டுதோறும் நிகழும் போட்டியாக மலர்ந்தது. 1959-ஆம் ஆண்டு முதல் முதலாவதாக வருபவர்க்கு டெவிஸ் கிண்ணம் வழங்கப்படுவதால் அப்பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றது.

இப்பயணத்தின் கடுமையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். காலை 5.15 மணிக்குப் புறப்பட்டவர் மறுநாள் காலை 5.15 மணிக்குள் முடித்தாக வேண்டும். இடையே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மணி நேரம் கட்டாய ஓய்வு. எஞ்சுவது இருபத்திரண்டு மணி நேரம். கணக்கிட்டால் மணிக்கு நாலரை மைல் என்னும் வேகமே போதும். தாளில் இது எளிதாகத் தோன்றும். ஆனால் வழியோ 8,750 அடி உயரமுள்ள கணவாயில் ஏறி, கற்பாறைகளினூடே சென்று, வெயில் கொதிக்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் இறங்கி, மீண்டும் ஏறி, இரவில் ஆற்றைக் கடந்து செல்வது. நிலவொளி துணைசெய்யும் பொருட்டு முழுநிலவை ஒட்டிய நாளே பெரும்பாலும் தெரிவு செய்யப்படுகின்றது. இத்தனை முன்னேற்பாடு இருந்தும், பெரும்பாலான ஆண்டுகளில் புறப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே முடிக்கின்றனர்.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய செய்திகள் மூன்று. ஒன்று, இப்போட்டியில் பணப்பரிசு இல்லை. இரண்டு, இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நலமுள்ள குதிரையோடு முடித்தவர் அனைவர்க்கும் ஒரே வகையான வெள்ளி இடைவார்க் கொளுவி வழங்கப்படுகின்றது. பத்தாவது வந்தவர்க்கும் எண்பதாவது வந்தவர்க்கும் அதில் வேறுபாடு இல்லை. மூன்று, 1964-ஆம் ஆண்டு முதல் ஹாகின் கிண்ணம் என்னும் மற்றொரு பரிசும் உண்டு. முதலில் வந்த பத்துக் குதிரைகளை மறுநாள் காலையில் மருத்துவர்கள் சோதித்து, அவற்றுள் மேலும் பயணம் செய்யத் தக்க நல்ல உடல்நிலையில் எது உள்ளதோ அதற்கு இக்கிண்ணத்தை அளிக்கின்றனர். குதிரையை அறிந்தோர் பலர் டெவிஸ் கிண்ணத்தைவிட இதனையே பெரிதாக மதிக்கின்றனர்.

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்விளையாட்டுக்கெனத் தனியமைப்புத் தோன்றியபோது, முடிப்பதே வெல்வது என்னும் கருத்தைத் தன் கொள்கைமொழியாக ஏற்றுக்கொண்டது. கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலும் 1966-ஆம் ஆண்டில் டாம் குவில்டி பொற்கிண்ணப் போட்டி தொடங்கிற்று. முதலாண்டில் கேப்ரியல் ஸ்டெக்கர் என்பவர் ஷலாவி என்னும் அரபுக் குதிரையின்மேல் சேணமின்றியே அமர்ந்து நூறு மைலையும் கடந்து வென்றார். அங்கும் உரிய நேரத்தில் முடித்தவர் அனைவர்க்கும் கொளுவி வழங்கும் மரபே நிலைபெற்றது.

மருத்துவரே நடுவர்

ஓட்டப்பந்தயத்தில் கோட்டைத் தொட்டவுடன் முடிவு தெரிந்துவிடும். இங்கோ, கோட்டைக் கடந்த பின்னரே உண்மையான தேர்வு தொடங்குகின்றது. வழியில் குறிப்பிட்ட இடங்களில் கால்நடை மருத்துவர்கள் காத்திருப்பர். குதிரையின் நாடித்துடிப்பு, ஈற்றின் நிறம், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும் விரைவு, வயிற்றில் குடல் இயங்கும் ஒலி, முதுகில் சேணம் அழுத்திய புண், நடையில் நொண்டல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பர். ஒன்றில் குறை காணினும் பயணம் அங்கேயே நிறுத்தப்படும். முடிவிடத்திலும் இச்சோதனை உண்டு. முதலில் வந்த குதிரை நொண்டினால் அது முதலில் வந்ததாகக் கொள்ளப்படாது.

ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்திற்கு முப்பது முதல் நாற்பது வரை துடிக்கும். கடும் உழைப்பின்போது இருநூறையும் எட்டும். சோதனைச் சாவடிக்கு வந்த குதிரையின் நாடி, விதித்த அளவுக்கு, பெரும்பாலும் அறுபது அல்லது அறுபத்துநான்குக்கு இறங்கினாலன்றி அதன் ஓய்வு நேரம் தொடங்குவதில்லை. இவ்விதியின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒருவர் மற்றவரைவிடப் பத்து நிமிடம் முந்திச் சாவடிக்கு வருகின்றார் எனக் கொள்வோம். விரைந்து ஓட்டி வந்தமையால் அவர் குதிரையின் நாடி அடங்கப் பதினைந்து நிமிடம் ஆகின்றது. பின்வந்தவர் கடைசி ஒரு மைலைக் குதிரையிலிருந்து இறங்கி, அதனோடு நடந்தே வந்தார். அவர் குதிரைக்கு மூன்று நிமிடத்தில் நாடி அடங்கிவிடுகின்றது. இருவர்க்கும் நாற்பது நிமிட ஓய்வு. கணக்கிட்டுப் பார்த்தால் பின்வந்தவரே இரண்டு நிமிடம் முன்னதாகப் புறப்படுகின்றார். பேராசையோடு ஈட்டிய பத்து நிமிடம் பயனின்றிப் போயிற்று.

மற்றொரு சோதனையும் உண்டு. நாடியை எண்ணியபின் குதிரையைச் சிறிது தொலைவு ஓட்டிச் சென்று திரும்ப ஓட்டி வருவர். ஓட்டம் தொடங்கி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுவர். இரண்டாம் எண்ணிக்கை முதலாவதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தால், வெளியே நலமாகத் தோன்றினும் உள்ளே குதிரை களைத்துவிட்டது என்பது பொருள். வாய் பேசாத உயிர் தன் நிலையைத் தானே சொல்லுமாறு செய்யும் வழி இது.

தோழமை பிறக்கும் இடங்கள்

இத்தகைய விதிகள் இருக்குமிடத்தில் தோழமை இயல்பாகவே பிறக்கின்றது. அதற்குக் குதிரையின் இயல்பே முதற்காரணம். குதிரை கூட்டமாக வாழும் உயிர். தனித்துச் செல்லும்போது அஞ்சித் தயங்கும் குதிரை, துணை கிடைத்தவுடன் ஊக்கம் பெறும். எனவே போட்டியிடும் இருவர் பல மைல் தொலைவு சேர்ந்தே செல்வதும், களைத்த குதிரைக்கு முன்னே மற்றொரு குதிரை வழிகாட்டிச் செல்வதும் இங்கு வழக்கம். இரவின் இருளில் அறிமுகமில்லாத ஒருவரின் குதிரைக் குளம்பொலியே துணையாகிவிடுகின்றது.

நீர்த்துறையில் கடைப்பிடிக்கும் ஒழுக்கம் இதனினும் சிறந்தது. பல குதிரைகள் நீரருந்தும்போது, தன் குதிரை குடித்து முடித்துவிட்டது என்று ஒருவர் உடனே புறப்பட்டால், ஏனைய குதிரைகளும் குடிப்பதை விட்டுவிட்டு அதன்பின் செல்லத் தொடங்கும். நாவறட்சியோடு செல்லும் குதிரை அடுத்த பள்ளத்தாக்கில் வீழும். ஆகவே கடைசிக் குதிரை தலையை உயர்த்தும் வரை அனைவரும் காத்திருப்பதே மரபு. கடுவெயிலில் ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வையை இழக்கும் உயிருக்கு அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

இன்னும் பலவற்றைக் கூறலாம். ஒடுங்கிய பாதையில் முந்திச் செல்ல விரும்புபவர் முன்கூட்டியே குரல் கொடுத்து இசைவு பெறுகின்றார். உதைக்கும் இயல்புடைய குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டிப் பின்வருவோரை எச்சரிக்கின்றார். லாடம் கழன்றவர்க்கு வேறொருவர் தம்மிடமுள்ள குளம்புறையைத் தருகின்றார். விழுந்து காயமுற்றவரைக் கண்டவர் தம் நேரத்தை இழந்து உதவிக்கு நிற்கின்றார். இளஞ்சிறார் பங்கேற்கும்போது வயதில் மூத்த ஒருவர் பொறுப்பேற்று உடன் செல்ல வேண்டும் என்பது விதி. அச்சிறாரின் வேகமே அவர் வேகம். இவற்றோடு, பாதைக்கு அடையாளமிடுவோர், இரவெல்லாம் வானொலிக் கருவியுடன் மலைமேல் விழித்திருப்போர், நீர் சுமப்போர் என நூற்றுக்கணக்கான தொண்டர்களும் ஊதியமின்றி உழைக்கின்றனர்.

இத்தோழமை போட்டியின் கூர்மையை மழுக்கிவிடவில்லை. டோனா பிட்ஸ்ஜெரால்டு என்னும் பெண்மணி விட்டெசாரிப் என்னும் ஒரே குதிரையில் 1970 முதல் 1976 வரையுள்ள காலத்தில் ஆறு முறை டெவிஸ் கிண்ணத்தை வென்றார். ஆறு முறை வென்றதைவிட, அத்தனை ஆண்டுகள் ஒரே குதிரையை நலமுடன் காத்ததே அரிய செயல். அவ்வாறே, 1994-ஆம் ஆண்டின் உலக வாகையை வலேரி கனாவி என்பார் பியராஸ் என்னும் குதிரையில் வென்றார். 1996-ஆம் ஆண்டில் அதே குதிரையில் அவர் மகள் டேனியல் உலக வாகை சூடினார். ஒரு குதிரையை நம்பித் தாய் மகளிடம் ஒப்படைத்தமை இவ்விளையாட்டின் பண்பை விளக்கப் போதுமானது.

1974-ஆம் ஆண்டின் நிகழ்வொன்றும் குறிப்பிடத்தக்கது. கார்டி ஐன்ஸ்லி என்னும் இளைஞர் முந்திய ஆண்டில் தம் குதிரை நொண்டியமையால் பாதியில் விலக நேர்ந்தது. இம்முறை அவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே நூறு மைலையும் ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் நூறு மைல் மனித ஓட்டங்களுக்கு முன்னோடி அந்த ஓட்டமே. அவற்றிலும், குறித்த நேரத்தில் முடித்தவர்க்கெல்லாம் கொளுவி வழங்கும் மரபு குதிரைப் போட்டியிலிருந்து சென்றதாகும்.

அரபு நிலமும் குதிரை மரபும்

இப்போட்டிகளில் அரபுக் குதிரைகளே மிகுதியும் வெல்கின்றன. மெல்லிய தோல், அகன்ற நாசி, களைப்பின்றி நெடுநேரம் இயங்கும் தசைநார்கள் ஆகியன பாலைநில வாழ்வு அவற்றுக்கு அளித்த கொடைகள். அந்நிலத்து மக்களும் குதிரையைப் பழக்கும் கலையில் தேர்ந்தவர்கள். பந்தயத்தில் முதலில் வரும் குதிரை முதல் கடைசியாக வருவது வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டியது அரபு மொழி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக வந்த நபிமொழி தெரிவிக்கின்றது. பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து நெடிய தொலைவும், அப்பயிற்சி பெறாத குதிரைகளுக்குக் குறுகிய தொலைவும் வகுக்கப்பட்டன. குதிரையின் ஆற்றலுக்கேற்பவே தொலைவை அளக்க வேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியிருப்பதை நாம் காணலாம். இன்றைய போட்டிகளிலும் குறுந்தொலைவுகளில் தேறிய குதிரையே நூறு மைலுக்குத் தகுதி பெறுகின்றது.

தமிழகத்திற்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் கடல்வழியே காயல் துறைக்கு வந்திறங்கின. அக்காலத்து மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் இவ்வணிகத்தைப் பற்றி எழுதியுள்ளனர். அரசர் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினாலும், பேணும் முறை அறியாமையால் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார் மார்க்கோ போலோ. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கிவிடலாம். அதைப் பேணும் அறிவைப் பொன்னால் மட்டும் வாங்க இயலாது என்பதே அக்குறிப்பு நமக்குத் தரும் செய்தி.

தோழமை குலைந்த கதை

இவ்விளையாட்டின் குறைகளை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. 1978-ஆம் ஆண்டில் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதனைத் தன் விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றது. 1986-ஆம் ஆண்டில் ரோம் நகரில் முதல் உலக வாகைப் போட்டியும், 1998-ஆம் ஆண்டில் துபாயில் ஓர் உலக வாகைப் போட்டியும் நடைபெற்றன. புகழ் வளர்ந்தது, பெருஞ்செல்வமும் உயர்ந்த பரிசுகளும் வந்து சேர்ந்தன. மலைப்பாதைக்கு மாறாக, சமன் செய்த மணற்பாதையில் கடுவேகத்தில் செல்லும் போட்டிகள் வளைகுடா நாடுகளில் பெருகின. குதிரைகளின் எலும்பு முறிவும், மருந்து முறைகேடும் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயின. 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையேற்றக் கூட்டமைப்பை உலக அமைப்பு தற்காலிகமாக நீக்கி வைத்தது. சில மாதங்களுக்குப் பின்னர் உடன்பாட்டின் பேரில் அத்தடை விலக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் உலக வாகைப் போட்டி துபாயிலிருந்து சுலோவாக்கியாவுக்கு மாற்றப்பட்டது.

பிழை ஒரு நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிரையான் நகரில் நடந்த உலகப் போட்டியில், தொடக்கத்திலேயே குழப்பம் நேர்ந்து, பின்னர் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தமையால் பந்தயம் பாதியிலேயே கைவிடப்பட்டது.

திருத்தமும் அரபு மண்ணிலேயே தோன்றியது என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. அபுதாபியின் பூதீப் குதிரையேற்றச் சிற்றூரில் சேக்கு சுல்தான் பின் சாயித் அல் நஹ்யான் அவர்கள் புதிய விதிகளை வகுத்தார். மணிக்கு இருபது கிலோமீட்டர் என வேகத்திற்கு வரம்பு கட்டினார். நாடி ஐம்பத்தாறுக்கு இறங்க வேண்டும் என்று சோதனையைக் கடுமையாக்கினார். நலமுடன் முடிக்கும் குதிரைகளுக்குப் பரிசளித்தார். 2019-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, குதிரையை நேசிப்போர் பல நாடுகளிலும் அவரை நன்றியுடன் நினைவுகூர்ந்தனர்.

நாம் பெறும் தெளிவு

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். மனிதரின் நல்லியல்பை மட்டும் நம்பித் தோழமை நிலைப்பதில்லை; விதிகளின் அமைப்பும் அதனைக் காக்கின்றது. டெவிஸ் பயணத்தில் ஒருவர் முடிப்பதால் மற்றவர்க்கு எதுவும் குறைவதில்லை. கொளுவி எல்லார்க்கும் உண்டு. எனவே பக்கத்தில் வருபவர் பகைவராக மாட்டார். மலையும் வெயிலும் காலமுமே பொது எதிரிகள். பரிசு ஒருவர்க்கு மட்டும் என்றாகி, அதன் விலையும் ஏறும்போது நீர்த்துறையில் காத்திருக்க யார்க்கும் மனம் வராது. பெர்லின், வியன்னாப் பந்தயமும் மணற்பாதைப் போட்டிகளும் கூறுவது இதுவே.

அடுத்து, இப்போட்டியில் இருவரல்லர், மூவர் உள்ளனர்: நாம், நம்மோடு போட்டியிடுபவர், நம்மைச் சுமக்கும் உயிர். அந்த மூன்றாமவர் பேசுவதில்லை, முறையிடுவதில்லை. அவர் நலத்தை அளவுகோலாகக் கொண்ட விதிகள் இருக்கும் வரை போட்டி அறத்தோடு நிற்கின்றது.

மாணவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. நம் வகுப்பறைகளில் முதல் மதிப்பெண்ணுக்கு ஒரு கிண்ணம் இருக்கட்டும், அது வேண்டுவதே. அதனோடு, முடித்தவர் அனைவர்க்கும் ஒரு கொளுவி உண்டா? நலமுடன் முடித்தவரைப் போற்ற ஒரு ஹாகின் கிண்ணம் உண்டா? நம்மைச் சுமந்து வரும் பேசாத உயிர்களாகிய உடல்நலத்தையும், வீட்டில் விழித்திருக்கும் தாய் தந்தையரையும் சோதித்தறியும் சாவடி எங்கேனும் உண்டா? ஒரு மாணவன் குறிப்பேட்டைத் தன் தோழனிடமிருந்து மறைத்து வைக்கின்றான் என்றால், அவனைக் கடிவதற்கு முன்னர் அவனுக்கு நாம் அமைத்துத் தந்த பந்தயத்தின் விதிகளையும் ஒருமுறை நோக்குதல் நலம்.

முடிவுரை

நூறு மைலைக் கடந்து வந்த குதிரையை விளக்கொளியில் நிறுத்தி மருத்துவர் கேட்கும் வினா ஒன்றே: இக்குதிரை இன்னும் செல்லத் தக்கதா? எத்தனையாவது வந்தது என்பது அதன் பின்னரே எழும் வினா. கல்வியிலும் வாழ்விலும் நம் இளைஞர்களை நோக்கி நாமும் இந்த வரிசையிலேயே வினவுவோமாக. அவ்வாறு வினவக் கற்றால், முந்துவோரும் பின்வருவோரும் ஒரே நீர்த்துறையில் நின்று, கடைசிக் குதிரை தலை நிமிரும் வரை காத்திருப்பர்.